மேல்மாடியில் என்ன இருந்தது

நேற்று அந்தப் பெரிய ஓவியக் காட்சியகத்துக்குள் மறுபடியும் நுழைந்தேன். தரை துடைத்த மருந்தின் வாசனை மூக்கில் ஏறியதும் வாசலிலேயே நின்றுவிட்டேன். ஏழு வருடத்துக்கு முன் நீ செருப்பைக் கழற்றிய இடம் அது.

எனக்கு ஓவியம் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது, பார்க்கப் பிடிக்கும், அவ்வளவுதான். மரக்காணம் உப்பளத்தில் உன்னோடு உப்பு வாரிக்கொண்டிருந்தவள், திண்டிவனத்தில் ஆபீஸ் வேலை கிடைத்தபின் சென்னைக்குப் போகும்போதெல்லாம் இந்தக் காட்சியகத்துக்குள் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து உன்னிடம் அளப்பேன். "ஒருவாட்டி என்னையும் இட்டுனு போடி" என்று கேட்டாய். கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையில் வந்தாய்.

வாசலில் அந்த வெள்ளைத் தரையைப் பார்த்தாய். பாத்தியில் செருப்போடு இறங்கினால் உப்பு கறுத்துவிடும். அந்தப் பழக்கத்தில், பளிச்சென்ற தரையைக் கண்டாலே உன் கால் செருப்பை உதறிவிடும். "போட்டுக்கோடி, எல்லாரும் பாக்குறாங்க" என்று பல்லைக் கடித்தேன். "இவ்ளோ சுத்தமா வச்சிருக்காங்க, மிதிக்க மனசு வருதா?" என்றாய். உப்புத் தண்ணீர் தின்று பாளம் பாளமாக வெடித்த பாதங்களோடு நீ நடக்க, நான் பத்தடி முன்னால் நடந்தேன். என் காலும் அப்படி இருந்ததுதான். கிரீம் தடவித் தடவி மறைத்துக்கொண்டவள் நான்.

மழை ஓவியம் ஒன்றின் எதிரில் தரையிலேயே காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாய். "மழைய இப்பத்தான்டி பயமில்லாம பாக்குறேன்" என்றாய். நம் பிழைப்பில் மழை என்றால் உப்பு கரையும், வேலை நிற்கும். காவலாளி வந்தார். உன்னை விட்டுவிட்டு என்னிடம் கேட்டார்.

"இவங்க உங்ககூட வந்தவங்களாம்மா?"

"இல்ல" என்றேன்.

நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்து, "நான் தனியாத்தாங்க வந்தேன்" என்று அவரிடம் சொல்லிவிட்டு வெளியே போனாய். அப்போதாவது பின்னால் ஓடி வந்திருக்கலாம். வரவில்லை. பெரிய ரசிகை போல மாடி ஏறினேன். ஒரு படமும் மனதில் பதியவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் காத்திருந்தாய். திண்டிவனத்தில் பஸ் மாறி, பெருமுக்கல் தாண்டும்போதுதான் வாயைத் திறந்தாய்.

"மேல இன்னாடி இருந்துச்சு?"

ராஜா, ராணி, மயில் என்று வாய்க்கு வந்ததை அவிழ்த்துவிட்டேன். "நல்லா இருந்திருக்கும்" என்றாய். போன ஐப்பசியில் கண்ணை மூடும்வரை அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேனே, பாவி.

நேற்று மேல்மாடியில் புகைப்படங்கள் வைத்திருந்தார்கள். சுவர் உயரத்துக்கு ஒரு படம்: உப்புப் பாத்தியில் ஊன்றிய இரண்டு பாதங்கள். முகமும் இல்லை, பெயரும் இல்லை. உன் கால்தானா என்று எனக்குத் தெரியாது. நம் உப்பளத்தில் எல்லோர் காலும் அப்படித்தான். அதன் முன்னால் ஒரே கூட்டம். "செம்மயா இருக்குல்ல?" என்று ஒரு கல்லூரிப் பெண் செல்போனில் எடுத்துக்கொண்டிருந்தாள். சட்டம் போட்டு மாட்டினால்தான் காலுக்கும் மரியாதை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

"ஏன் ஆன்ட்டி அழறீங்க? தெரிஞ்சவங்களா?"

"என்கூட வந்தவ" என்றேன்.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெறுங்காலோடு படி இறங்கி வெளியே வந்தேன். மேலே என்ன இருந்தது என்று கேட்க, வேப்பமரத்தடியில் யாரும் இல்லை.