கத்தரி படாத சேட்டுகள்

மச்சாள்,

ஒழுங்கை முனையில் ஒருவர் கதிரைக்குப் பிரம்பு பின்னுகிறார். ஊறிய பிரம்பின் மணம் குசினி வரை வருகிறது. உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு இந்த மணம் வந்திருக்க வேண்டாம். வந்துவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு எழுத இருக்கிறேன்.

சண்டைக் காலத்தில், இதே வெள்ளவத்தை வீட்டில், குளியலறை முழுக்க உன் பிரம்புகள்தான் ஊறிக் கிடந்தன. புறக்கோட்டைக்கு வேலைக்குப் போன உன் அண்ணாவை, என் மனுசனை, ஆமியின் சுற்றிவளைப்பில் கொண்டுபோனதாகச் சொன்னார்கள். போய்க் கேட்ட இடமெல்லாம் இங்கே இல்லை என்றார்கள். நான் சமைத்தேன். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பினேன். அவருடைய சேட்டுகளைத் தோய்த்து, மினுக்கி, அலுமாரியில் அடுக்கினேன். எனக்கு அவ்வளவுதான் தெரிந்தது. நீ சித்திர ரீச்சர், உனக்கு வேறு ஏதோ தெரிந்திருந்தது.

"மச்சாள், பிரம்பாலை அண்ணாவைச் செய்யப் போறன். உள்ளுக்கை நிண்டு நானே நடப்பன்."

"எவ்வளவு பெரிசாய்?"

"பாத்த ஒருத்தரும் காணேல்லை எண்டு சொல்லேலாத அளவுக்கு. அவற்ற சேட்டெல்லாம் வேணும். வெட்டித்தான் தைக்கவேணும்."

"உனக்கென்ன விசரே? அந்த மனுசன் பிறகு எதைப் போடுறது?"

"வந்தால் நான் புதுசு வாங்கிக் குடுப்பன்."

"நீ வாங்கிற நிறத்தை அவர் போட்டாலெல்லோ!"

சிரித்தாய். அதுவரை இந்த வீட்டில் 'வந்தவுடன்' என்றுதான் சொல்வோம். 'வந்தால்' என்று நீதான் முதலில் சொன்னாய்.

கத்தரிக்கோலை எடுத்து என் தலையணைக்குக் கீழே வைத்தேன். வெட்ட விடமாட்டேன், இழையோட்டித் தருகிறேன் என்றேன். நீளத் தையல், ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முழுவதும் கழன்று வரும், துணிக்கு ஒன்றும் ஆகாது. நீ பிரம்பை வளைத்து விலா எலும்புகள் போலக் கட்டினாய். நான் சேட்டோடு சேட்டைப் பொருத்தி மேலே போர்த்தினேன். வெறும் கைகள் எல்லாப் பக்கமும் தொங்கின. பொத்தான்களுக்கு இடையில் ஒரு நீக்கல் விட்டோம், நீ வெளியே பார்க்க. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அது என்ன கலை என்று விளங்கவில்லை. தையல் நேராக இருந்தது.

காணாமல் போனவர்களின் வீட்டார் கூடிய கொட்டாஞ்சேனை மண்டபத்துக்கு லொறியில் கொண்டுபோகும்போது சோதனைச் சாவடியில் மறித்தார்கள். உள்ளே என்ன, கிழித்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு ஆமிக்காரன் கத்தியை எடுத்தான். நீ சிங்களத்தில், "வெட்ட வேண்டாம், போட்டுக் காட்டுகிறேன்" என்றாய். இறங்கி, கூட்டைத் தோளில் மாட்டி, நடு வீதியில் நின்றாய். கடற்காற்றில் கைகள் எல்லாம் ஆடின. பஸ்ஸிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இது யார்?" என்று கேட்டான்.

"என் அண்ணன்."

"எங்கே அவர்?"

"உங்களிடம்தான் கேட்க வேண்டும்."

அவன் கத்தியை மடித்தான். போகச் சொன்னான். திரும்பி ஏறும்போது கூட்டோடு உன்னை நான்தான் தூக்கிவிட்டேன்.

மண்டபத்தில் நீ சனத்துக்குள் மெல்ல நடந்தாய். ஒருவரும் கை தட்டவில்லை. ஒரு தாய் எழும்பி வந்து வெறும் கை ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். பிறகு இன்னொருத்தி. எல்லாரும் அழுதார்கள். நான் தையலைப் பார்த்தேன். அத்தனை பேர் பிடித்து இழுத்தும் ஒன்றும் விட்டுப்போகவில்லை.

வீட்டுக்கு வந்து நீயே இருந்து நூலை உருவினாய். ஒவ்வொன்றாய் மடித்து என் மடியில் வைத்தாய். "இந்தாங்கோ, அவர் வந்தவுடன் போடட்டும்" என்றாய். அதன்பிறகு உன் வாயில் 'வந்தால்' வரவேயில்லை.

பொரளையில் உன்னை எரித்த அன்றும் நான் அழவில்லை. பேத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரி, ஒன்றும் கேட்கவில்லை.

நேற்றுச் சேட்டுகளை எடுத்து வெயிலில் போட்டேன். நீலச் சேட்டின் கழுத்தில், மடிப்புக்குள்ளே, விரல் நீளத்தில் நூல் ஒன்று நிற்கிறது. நீ உருவ மறந்தது. இத்தனை வருடம் என் கண்ணில் படவில்லை. முனையைப் பிடித்தேன். இழுத்தால் வந்துவிடும்.

இழுக்கவில்லை. அப்படியே மடித்து வைத்துவிட்டேன்.