சீக்கிரம் நிறைந்த பேட்டரி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் தொடங்குகிறேன். இங்கே அப்பா முழங்கைச் சிராய்ப்போடு இருக்கிறார், நான் கோபத்தோடு இருக்கிறேன், மற்றபடி சுகம். சித்தப்பா உனக்குப் போன் செய்து, அண்ணி என்னைத் தெருவில் வைத்து மானத்தை வாங்கிட்டாங்க என்று அழுதானாமே, நீயும் அப்பாவிடம் பாவம் என்றாயாமே. நடந்ததைக் கேட்டுவிட்டு அப்புறம் பாவம் பார்.

அப்பாவின் சக்கர நாற்காலிக்குப் புது பேட்டரி என்று உன் சித்தப்பா தன் பேட்டரிக் கடையிலிருந்து கொண்டுவந்து மாட்டினான். பழையது இரவு முழுக்கச் சார்ஜ் ஏறும். இது நான் துணி துவைத்து முடிப்பதற்குள் நிறைந்து பச்சை விளக்குக் காட்டியது. பாத்தீங்களா அண்ணி, புதுசுன்னா இப்படித்தான் விறுவிறுன்னு ஏறும் என்றான், நாங்களும் வாயைப் பிளந்தோம். குடத்தில் பாதிக்குக் கல்லைப் போட்டால் சீக்கிரம் நிறையத்தான் செய்யும் என்று அப்போது தோன்றவில்லை. போன வாரம் அப்பா சாவிக்கடையைப் பூட்டிவிட்டுப் பெரிய சாலையைக் கடக்கும்போது, பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டே நாற்காலி நடுவில் நின்றுவிட்டது. லாரிக்காரன் பிரேக்கை மிதித்ததால் சிராய்ப்போடு போயிற்று. முகம் தெரியாத அந்த மனுஷனுக்கு இருந்த பதைப்பு கூடப்பிறந்தவனுக்கு இல்லை. வீட்டுக்கு வந்து பேட்டரியின் ஸ்டிக்கரை நகத்தால் உரித்தேன். அடியில் இன்னொரு ஸ்டிக்கர், நீ பள்ளிக்கூடம் முடித்த வருடத்தது.

நான் கத்தவில்லை. மறுநாள் நிறையச் சார்ஜ் போட்டு நாற்காலியை அவன் கடைக்கே தள்ளிக்கொண்டு போனேன். இதே பேட்டரி வாங்க இரண்டு பேர் நின்றிருந்தார்கள். வண்டி இழுக்க மாட்டேங்குது தம்பி, நீங்களே உக்காந்து இந்த ரோட்டு மேட்டுல ஏத்திக் காட்டுங்க என்றேன். ஃபுல்லா இருக்கே அண்ணி என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். விளக்கு சொல்வது இப்போது நிறைந்திருக்கிறதா என்பதை மட்டும்தான், எவ்வளவு தாங்கும் என்பது பாரம் ஏறினால்தான் தெரியும். பாதி மேட்டில் நின்றது. எழுந்திருக்கப் பார்த்தான், தோளை அழுத்தி உட்கார வைத்தேன். இருங்க தம்பி, உங்க அண்ணன் எழுந்திருச்சாரா என்றேன். பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்க அடிக்க, உரித்த ஸ்டிக்கரை அந்த இரண்டு பேரிடமும் காட்டினேன்.

இப்போது நிஜமாகவே புது பேட்டரியை வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். ரத்த சம்பந்தம், விட்டுடு என்கிறார் அப்பா. பேட்டரியை மாட்டிக்கொண்டேன், விடவில்லை. அவன் விற்ற வீடுகளுக்கெல்லாம் போய் ஸ்டிக்கர் உரிக்கிறேன். எல்லாம் நம்மைப் போலக் காசில்லாதவர்களின் நாற்காலி. இருக்கிறவன் வண்டிக்குப் பழசைப் போட இவனுக்குத் தைரியம் வராது.

உன் போன் முன்னைவிடச் சீக்கிரம் நிறைந்து சீக்கிரம் இறங்கினால் சந்தோஷப்படாதே, அது சாகப்போகிறது. அதன் பேட்டரி வயிறு உப்பினால் சார்ஜ் போடவே போடாதே. படுக்கையில் வைத்தும் போடாதே.

போகிற இடமெல்லாம் உனக்கு நல்லது நடக்கட்டும். ஒன்று மறக்காதே, சித்தப்பா திரும்பவும் கூப்பிடுவான். எடுக்காதே, கட் பண்ணவும் செய்யாதே. அடித்து அடித்து அவன் போனில் சார்ஜ் தீரட்டும்.

இன்னும் ஆறாத
உன் அம்மா