அம்புலன்ஸைக் கூப்பிட்டவன்

14.11.2009, சனி

நேற்றுப் பார்க்கில் எங்களோடு இருந்து வொட்கா குடித்த ரமணன் எழும்பவேயில்லை. உதடு நீலமாகிவிட்டது. நான் போனை எடுத்ததும் சுதன் கையைப் பிடித்தான்.

"விசரா, பொலிசும் சேர்ந்து வரும். இவனுக்கு விசா கேஸ் முடியேல்லை. கூப்பிட்டால் பிடிக்கமாட்டாங்கள் எண்டு எங்கயடா சட்டம் இருக்கு?"

"செத்தால் பெட்டியில ஊருக்கு அனுப்புவாங்கள். அதுக்கு விசா தேவையில்லை," என்றேன்.

நான் கூப்பிட்டதும் எல்லோரும் ஓடிவிட்டார்கள். அம்புலன்ஸில் வந்தவர்கள் அவனுடைய பெயரையும், என்ன குடித்தான் என்பதையும் மட்டுமே கேட்டார்கள். பொலிஸ் வரவில்லை.

இன்று ரமணன் வீடு வந்துவிட்டானாம். நான் அடித்தபோது போனை எடுத்தது அவனுடைய அம்மா. "தம்பி, பெரிய உதவி. ஆனால் குடிச்ச கதை வெளிய வந்தால் கேஸ் கெட்டுப்போம். அது முடியும்வரைக்கும் நீர் இஞ்ச வராதேயும். அவனோட கதைக்கவும் வேண்டாம்."

"ஓம் அன்ரி," என்றேன். அவனைச் சிரிக்கவைக்க ஒரு பகிடி யோசித்து வைத்திருந்தேன்.