காந்தம் நிக்காத கதவு

என்னங்க,

சாப்பாடு மேசை மேல மூடி வெச்சிருக்கேன். நானும் பிள்ளைங்களும் அக்கா வீட்டுக்குப் பஸ்ஸுலயே போறோம்.

இந்தச் சீட்டை உங்க கார் கதவுலதான் வெச்சிருக்கணும். வேலை விட்டு வந்ததும் நீங்க முதல்ல பாக்குறது அந்தக் கார் முகத்தைத்தானே? பிரிட்ஜ்ல இருந்த காந்தத்தை எடுத்துட்டுப் போய் வெச்சுப் பாத்தேன், வழுக்கி விழுந்துது. பின் கதவுலயும் நிக்கல. "அந்தக் காலத்து இரும்பு, யானை மாதிரி"ன்னு ஊரெல்லாம் அளந்தீங்களே, யானைக்கு உடம்பு பூரா இரும்பு இல்ல, ஓட்டையை அடைக்கிற பட்டிப் பசைதான்! துருவைச் சுரண்டாம ஞாயித்துக்கிழமை தவறாம மேல மேல பூசினா வேற என்ன ஆகும்?

சாயங்காலம் கார் தகடு வேலை பாக்குற டிங்கர் வருவார். "சும்மா மேலாப்புல பூசி விடுப்பா"ன்னு வழியாதீங்க. பட்டியைப் பேத்து, துருவைத் தேச்செடுத்து, ஓட்டைத் தகட்டை வெட்டிட்டுப் புதுசு வைக்கச் சொல்லுங்க. அதுவரைக்கும் பிள்ளைங்களை அதுல ஏத்த மாட்டேன்.

கழுவின ஈரத்தோட உறை போட்டு மூடாதீங்க, உள்ளயே துரு பிடிக்கும்.

இன்னொண்ணு. நேத்து "ஓட்டை டப்பா, தூக்கிப் போடு"ன்னு என் பிரிட்ஜைச் சொன்னீங்களே, சீட்டை அதுலதான் வெச்சிருக்கேன். காந்தம் ஜம்முனு நிக்குது.