பதினான்கு டப்பாச் சளி

மார்ச் 4, செவ்வாய்
காசநோய்ப் பிரிவில் இன்றும் டப்பாக்களோடுதான் என் பிழைப்பு. நூற்பாலையில் இருமுகிறவர்கள் மாதாமாதம் சளிப் பரிசோதனை தர வேண்டும். பாசிட்டிவ் வந்தால் வேலை போய்விடும். பதினான்கு பேர் காலையில் வீட்டிலேயே துப்பிக் கொண்டுவந்தார்கள். “அருமையான சளி சிஸ்டர்! கெட்டியா, நிறைய!” என்றார் லேப்காரர். மனுஷனுக்கு எதில்தான் ரசனை இல்லை!

மார்ச் 6
பதினான்கும் நெகட்டிவ். அதில் ஒன்று என் தம்பியுடையது. இரண்டு மாதமாக இருமுகிறான், சட்டை தொளதொளவென்று தொங்குகிறது. எக்ஸ்ரே எடுடா என்றேன். “அதான் ரிசல்ட் வந்துடுச்சேக்கா. பஞ்சுத் தூசிதான்.” சரிதானே? நிம்மதியாகத் தூங்கப் போகிறேன்.

மார்ச் 19
இன்னும் மெலிந்திருக்கிறான். நெகட்டிவ்தான். நெகட்டிவ்தானே?

ஏப்ரல் 8, செவ்வாய்
இந்த மாதப் பதினான்கும் பாசிட்டிவ்! ஒரே நாளில், ஒரே அளவில், எல்லாவற்றிலும் கிருமி இரண்டு பிளஸ். டாக்டர் மைக்ரோஸ்கோப்பைத் தட்டினார், பிறகு லேப்காரரைத் திட்டினார். ஆலை மேனேஜர் சுவருக்கெல்லாம் பினாயில் அடிக்கச் சொன்னாராம். தம்பியும் பாசிட்டிவ். எழுத வரவில்லை.

ஏப்ரல் 9
நான் உலுக்கிய உலுக்கலில் தம்பி உண்மையைக் கக்கிவிட்டான். மாதாமாதம் பதினான்கு டப்பாவிலும் ஆலை பாய்லர்காரருடைய சளிதானாம்! பீடி புண்ணியத்தில் அவருக்குச் சளிக்குப் பஞ்சமில்லை, போன மாதம்வரை நோயும் கிடையாது. கேன்டீனுக்குப் பின்னால் வரிசையில் நின்று வாங்கியிருக்கிறார்கள். அவருக்குப் பட்டப்பெயரே ‘ஊற்று’. நெருங்கி நின்று இருமி இருமி, இப்போது அவருக்கும் ஒட்டவைத்துவிட்டார்கள். சிரிப்பு வந்தது. சிரித்தபடியே அழுதேன். பாவி! யாரோட சளிய நம்பிடா நான் இத்தனை நாள் தூங்கினேன்?

ஏப்ரல் 10
பாய்லர்காரரை வரவழைத்தோம். நம்பவே மாட்டேன் என்கிறார். “எனக்கு எப்படி சிஸ்டர் வரும்? என் பேர்ல நான் டப்பாவே குடுக்கலியே!”

ஏப்ரல் 12
பதினான்கு பேரையும் மரத்தடியில் நிறுத்தி, என் கண்ணெதிரே துப்பச் சொன்னேன். ஒருவனுக்கும் வரவில்லை, பழக்கமில்லையாம்! அரை நாள் போராட்டம். உண்மையில் நோய் மூன்று பேருக்கு. தம்பிக்கு மூன்று பிளஸ்.

வேலை? அதுதான் வேடிக்கை. பதினான்கு பேரையும் அனுப்பினால் ஆலையே நின்றுவிடும் என்று மேனேஜர் ரிசல்ட் வந்த அன்றைக்கே அந்த விதியைக் கிழித்துவிட்டாராம். மருந்து சாப்பிட்டுத் தேறி வரலாம்.

ஜூன் 2
தம்பி இரண்டு கிலோ ஏறியிருக்கிறான். பையைத் துழாவி, செருப்பைக் கழற்றச் சொல்லித்தான் எடை பார்த்தேன்.

அக்டோபர் 14, செவ்வாய்
ஆறு மாத மாத்திரை முடிந்தது. பாய்லர்காரர் நெகட்டிவ். “இனிமே யாருக்காவது வேணும்னா...” என்று ஆரம்பித்தார். டாக்டர் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டார்.

“திரும்பி நில்லுக்கா, வெக்கமா இருக்கு” என்றான் தம்பி. நான் திரும்பவில்லை. முக்கி முக்கி ஒரு சொட்டுத் துப்பினான். மூடியில் பெயரை நானே எழுதினேன்.

லேப்காரர் உதட்டைப் பிதுக்கினார். “ரொம்ப மோசமான சளி சிஸ்டர். ஒண்ணுமே தேறல.”

நெகட்டிவ். அவனுடையதேதான்.