பத்துக்குப் பின் வந்த ஐந்து

“ஓடுது. யாரும் கைவைக்காதீங்க.”

செவ்வாய்க்கிழமை காலை என் திரையில் உமது இந்த வரி நின்றது. நீர் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நம் அலுவலகத்தில் மின்னஞ்சல் அனுப்பும் கணினி நிரலுக்குள் நீர் எழுதிய குறிப்பு மட்டும் அப்படியே இருக்கிறது, உமது விசைப்பலகையில் இருந்த வடை எண்ணெயைப் போல. நிரலில் குறிப்பு எழுதுவது அடுத்தவர் புரிந்துகொள்வதற்காக. நீர் அடுத்தவரை விரட்டுவதற்காக எழுதினீர்.

அதை நான் திறக்க நேர்ந்தது பரீதாவால். நம் மிளகு ஏற்றுமதிக் கம்பனியில் பத்திரங்கள் அனுப்பும், அலுவிகாரை ஊர்ப் பெண். நோன்புப் பெருநாள்தோறும் உமக்கு வட்டிலப்பம் கொண்டுவந்தவர். வெளிநாட்டுக் கொள்வனவாளர் ஒருவருக்கு அவர் மின்னஞ்சலில் அனுப்பிய ஆய்வுச் சான்றிதழ் போய்ச் சேரவில்லை. சரக்கு துறைமுகத்தில் நின்றுவிட்டது. நீர் போனபின் வந்த முகாமையாளர் எல்லோர் முன்னிலையிலும் அவரைக் கேட்டார்:

“அனுப்பாமலே அனுப்பினேன்னு சொல்றீங்களா மிஸ்?”

“அல்லாவே, அனுப்பினேன் சேர்! ‘போயிருச்சிங்க’ன்னு ஸ்கிரீன்ல வந்திச்சே!”

“மெஷின் அப்படியா பேசும்? கதை விடாதீங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள விளக்கம் எழுதிக் குடுங்க. சரியில்லாட்டி திங்கக்கிழமை வர வேணாம்.”

மெஷின் அப்படித்தான் பேசியது. நீர் அப்படி எழுதியிருந்தீர். மறுமுனையில் எந்த வழங்கிக் கணினி, எத்தனை மணிக்கு அஞ்சலை ஏற்றது என்பதைத் திரை காட்ட வேண்டும் என்று அன்றே உம்மிடம் வற்புறுத்தினேன். “சட்டப்புத்தகம், கடிதம் போச்சா இல்லையா? போயிருச்சிங்க. முடிஞ்சிச்சி. இதுக்கு மேல மனுசனுக்கு என்ன வேணும்?” என்றீர். சட்டப்புத்தகம் என்பது நீர் எனக்கு வைத்த பெயர். ஒரு விதியையாவது முழுதாக வாசித்திருந்தால் அந்தக் கேலிக்கு உமக்குத் தகுதி இருந்திருக்கும்.

விதி மிக எளியது. ஒரு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புமுன், நிரல் அதன் இணையப் பெயரைச் சொல்லி, அஞ்சலை ஏற்கும் வழங்கிகள் எவை என்று இணையத்தின் பெயர்ப் பதிவேட்டிடம் கேட்க வேண்டும். பதிலாக ஒரு பட்டியல் வரும். ஒவ்வொரு வழங்கிக்கும் ஓர் எண் இருக்கும். சிறிய எண் உடையதிடம் முதலில் போக வேண்டும். அது திறக்காவிட்டால் மட்டுமே அடுத்தது. இதைப் பேர்ல் என்னும் நிரல்மொழியில் பதினான்கு வரிகளில் எழுதி முடித்துவிட்டு, அன்று முழுக்க மார்தட்டினீர். ஆனால் பட்டியலை ‘வரிசைப்படுத்து’ என்று மட்டும் சொல்லி விட்டுவிட்டீர். அப்படி விட்டால் பேர்ல் எண்களை எண்களாகப் பார்ப்பதில்லை. அகராதியில் சொற்களை அடுக்குவதுபோல முதல் எழுத்தைப் பார்த்து அடுக்கும். பத்தின் முதல் இலக்கம் ஒன்று, அது ஐந்துக்கு முன்னால் வரும். ஆகவே பத்து முன்னே, ஐந்து பின்னே.

பத்து, இருபது, முப்பது என்று எண் வைத்தவர்களிடம் இந்தப் பிழை ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருந்தது. இந்தக் கொள்வனவாளர் போன மாதம் புதிய வழங்கி ஒன்றுக்கு ஐந்து என்று எண் கொடுத்திருக்கிறார். பத்தில் இருப்பது பழையது. எதையும் வாங்கிக்கொள்ளும், அதை எவரும் திறந்து பார்ப்பதில்லை. உமது நிரல் பரீதாவின் சான்றிதழை அங்கே போட்டுவிட்டு, போயிருச்சிங்க என்றது.

நீர் எதையும் இப்படித்தான் செய்தீர். ரிவர்ஸ்டன் மலைப்பாதையில் மூடுபனிக்குள், விளக்கு எரியாத மோட்டார் சைக்கிளில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு இறங்கினீர். விளக்கு எங்கே என்று கத்தினேன். “வழி எனக்குத் தெரியுங்க. லைட்டுக்கு என்ன தெரியும்?” என்று சிரித்தீர். அன்று நாம் பிழைத்ததற்கு உமது திறமை காரணம் என்று கடைசிவரை நம்பினீர். எதிரே பஸ் வரவில்லை; அவ்வளவுதான்.

பிழையைக் கண்டதும் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது என்பதையும் எழுதுகிறேன். இருபது ஆண்டு வாக்குவாதம் ஒன்றில் தீர்ப்பு என் பக்கம் வந்துவிட்டது. அறிக்கையுடன் இணைப்பதற்காக, அந்த நிரலை ஏற்றுக்கொண்ட படிவத்தைக் கோப்பறையில் தேடி எடுத்தேன். இரண்டாவது ஆள் ஒருவர் வாசித்து ஒப்பமிடாமல் எந்த நிரலும் இயங்கக் கூடாது என்பது நம் அலுவலக விதி. அந்த விதியை எழுதியவன் நான். படிவத்தில், “எண் வரிசை சரிபார்க்கப்பட்டது” என்ற வாசகத்துக்குக் கீழே இருந்தது என் கையெழுத்து.

அந்த மாலை நினைவுக்கு வந்தது. நல்ல மழை. “போடுங்க சட்டப்புத்தகம், ரத்தொட்ட பஸ் போயிரும்” என்று வாசலில் நின்றீர். மூன்று நிறுவனங்களின் பெயர்களைக் கொடுத்துப் பார்த்தேன். மூன்றிலும் பத்து, இருபது. ஒற்றை இலக்க எண் ஒன்றைப் போட்டுப் பார்த்திருந்தால் போதும், நான் போடவில்லை. நீர் வாசிக்காமல் எழுதினீர். நான் வாசித்தேன் என்று பொய்யாக ஒப்பமிட்டேன். இரண்டில் எது கேவலம் என்பதற்கு விளக்கம் தேவையில்லை.

முகாமையாளரிடம் நிரலின் பிழையைக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்தது.

“அட, அப்ப அந்தப் பழைய ஆளோட தப்பு! நல்லதாப் போச்சி சேர். அவர் பேர மட்டும் எழுதுங்க. யாருக்கும் நோகாது.”

ஒரு மனிதர் இறந்துவிட்டார் என்பதை ஒரு வசதியாகக் காணும் அந்த முகத்தைப் பார்த்தபோது, உம்மீது இத்தனை காலம் நான் கொண்டிருந்த இகழ்ச்சி வெறும் செல்லம் என்று தோன்றியது.

“இரண்டு பெயர்கள் எழுத வேண்டியிருக்கிறது” என்று படிவத்தை அவர் முன் வைத்தேன்.

வாசித்தார். “சேர், இது உங்க கையெழுத்து. தெரிஞ்சிதான் குடுக்கிறீங்களா?”

“பரீதாவிடம் விளக்கம் கேட்டதை இன்றே எழுத்தில் மீளப் பெறுங்கள். வெள்ளிக்கிழமை என் விளக்கம் உங்களிடம் இருக்கும்.”

மாலையில் பரீதா என் மேசைக்கு வந்தார். விளக்கம் கேட்டதை மீளப்பெறும் கடிதம் கையில் இருந்தது. “அண்ணன் உயிரோட இருந்திருந்தா இந்நேரம் எவ்வளவு சிரிச்சிருப்பாரு சேர்” என்றார். சிரித்திருப்பீர். அதையும் நான் மன்னித்திருக்க மாட்டேன்.

எண்ணை எண்ணாக ஒப்பிடச் சொல்லும் மூன்று குறிகளை உமது வரியில் சேர்த்துவிட்டேன். இந்த முறை ஐந்தையும் பத்தையும் கொடுத்துச் சோதித்தேன். “யாரும் கைவைக்காதீங்க” அழிந்தது. “போயிருச்சிங்க” இருக்கிறது, அதன் கீழே இனி வழங்கியின் பெயரும் எண்ணும் நேரமும் வரும்.

நாளை வெள்ளிக்கிழமை. படிவத்தின் பிரதி என் சட்டைப் பையில் இருக்கிறது. திங்கட்கிழமை எனக்கு மேசை இருக்குமா என்பது தெரியாது. இருந்தாலும் இல்லாவிட்டாலும், உம்மைத் திட்டும் உரிமையை அந்த முகாமையாளருக்கு நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.