நான் குறைத்து எழுதிய ஐந்து வயது

ஜூன் 14, திங்கள்

பள்ளிப் புத்தகங்களில் ஜப்பான் கணக்குப்படி 2603. இங்கே எனக்கு 1943தான்.

காலையில் மழை. ஜப்பான் சக்கரவர்த்திக்காகக் கிழக்கே பார்த்துக் குனிகிற சடங்கு வராந்தாவிலேயே. கொல்லையில் மரவள்ளி நடவு பாதி. கடைவாய்ப் பல்வலி. கிராம்பு பசாரில் கிடைக்கவில்லை.

பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணியிடமிருந்து சீட்டு. ஜப்பான்காரன் போடும் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பள்ளியிலிருந்தும் ஓர் ஆண் வேண்டும். நாற்பத்தைந்து வயதுக்குள். நாளை சர்வீஸ் புத்தகத்தைப் பார்க்க வருகிறார்.

இங்கே ஆண்கள் இரண்டே பேர். தலைமை வாத்தியாரான எனக்கு ஐம்பது. சூசை வாத்தியாருக்கு நாற்பத்தெட்டு. ஆனால் புத்தகத்தில் அவருக்கு நாற்பத்து மூன்று.

எழுதியது நான்.

பழைய புத்தகத்தைக் கரையான் தின்று, புதிதாகப் பெயர்த்து எழுதிய வருஷம் அது. சூசை தாமதமாக வேலைக்கு வந்தவர். ஐம்பத்தைந்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சர்வீஸ் கூடக் கூடத்தான் பென்ஷன் கூடும். “அஞ்சு வயசைக் குறைச்சிடுவோம், அஞ்சு வருஷம் கூடக் கிடைக்கும்” என்றேன். “பொய்யாயிடுமே ஸார்” என்றார். சிரித்தேன். பெரிய உபகாரி என்று நினைப்பு எனக்கு.

ஜூன் 15, செவ்வாய்

கிராணி வந்தார். சைக்கிள் டயருக்குள் காற்றுக்குப் பதில் கயிறு. வரும் சத்தம் தூரத்திலேயே கேட்டது.

“சூசை வாத்தியாருக்கு என்ன வயசு ஸார்?”

புத்தகம் என் மடியில். உண்மையைச் சொன்னால் புத்தகம் பொய் என்று ஆகும். யார் எழுதியது என்று கேட்பார்கள். எனக்கு இருபத்தாறு வருஷ சர்வீஸ். பொய்க் கணக்கு எழுதியவனுக்குப் பென்ஷன் ஏது?

“நாற்பத்து மூணு” என்றேன்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் சூசை ஜப்பான் எழுத்து நடத்திக்கொண்டிருந்தார். குரல் ஒரு நிமிஷம் நின்றது. பிறகு தொடர்ந்தது.

பென்ஷன் கொடுக்க வேண்டிய வெள்ளைக்காரனே ஓடிப்போய்விட்டான். அந்தப் பென்ஷனை நினைத்துத்தான் எனக்குப் பயம். வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 16, புதன்

வெயில். செய்ய வேண்டியவை: வரப்பு சரி செய்ய. சோப்பு கேட்க. பல் பிடுங்க.

இடைவேளையில் சூசை வந்து நின்றார். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“மூணு மாசந்தான்னு சொல்றாங்க ஸார். சர்வீஸ்ல முறிவு விழாமப் பாத்துக்குங்க. முறிவு விழுந்தா முந்தினதெல்லாம் போயிடும்னு நீங்கதானே சொன்னீங்க?”

லீவு என்று எழுதுவதாகச் சொன்னேன். அவர் எதிரிலேயே எழுதினேன். குனிந்து பார்த்துத் தலையாட்டினார். சயாமுக்குப் போன தோட்டத்து ஆட்களில் இதுவரை ஒருவரும் திரும்பவில்லை. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஜூன் 17, வியாழன்

மத்தியானம் சூசையின் மனைவி அன்னம்மா வந்தார். முந்தானையில் முடிந்த ஒரு காகிதம். கோயிலில் கொடுத்த ஞானஸ்நானச் சீட்டு. பிறந்த வருஷம் தெளிவாக இருக்கிறது.

“இதைக் காட்டினா விட்டிடுவாங்கல்ல ஸார்? அவரு காட்டக்கூடாதுங்கிறாரு. காட்டினா உங்க வேலை போயிடுமாம். நான் அவருக்குத் தெரியாம எடுத்தாந்தேன். நீங்களே பாத்துச் செய்யுங்க.”

வாங்கிக்கொண்டேன். ஆள் ஏற்றும் லாரி நாளைக் காலை ஆறு மணிக்கு. அதற்கு முன் கிராணியைப் பார்க்கிறேன் என்றேன்.

அவர் போனதும் உடனே கிளம்பியிருக்கலாம். தோட்டத்து ஆபீஸ் இரண்டு மைல்தான். மரவள்ளிக்குத் தண்ணீர் விட்டேன். காலையில்தான் மழை பெய்திருந்தது.

ஜூன் 18, வெள்ளி

ஐந்து மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினேன். ஆறுக்கு முன்பே ஆபீஸ் வாசல். லாரி இல்லை. சேற்றில் சக்கரத் தடம் மட்டும்.

என் வீட்டுக் கடிகாரம் பழைய நேரத்தில் ஓடுகிறது. லாரி டோக்கியோ நேரம் ஆறுக்குப் போய்விட்டது. ஜப்பான்காரன் வைத்த அந்த நேரம் ஒன்றரை மணி முன்னால். “நேரத்தை மறந்துட்டேன்” என்று கிராணியிடம் சொன்னேன்.

மறக்கவில்லை. ஒரு வருஷத்துக்கு மேலாகப் பள்ளி மணியை டோக்கியோ நேரத்துக்கு அடிப்பவன் நான்.

சீட்டை நீட்டினேன். கிராணி வாசித்தார். புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“நாப்பத்தெட்டா? நேத்தே கொண்டாந்திருந்தா பேரை வெட்டியிருப்பேன் லா. வயசான ஆளை ஜப்பான்காரனுங்களே வேணாம்னு எறக்கி விடுறானுங்க.”

அவ்வளவுதான். ஒரு கோடு. அதற்குத்தான் நான்கு நாள் பயந்தேன்.

சாப்பிடவில்லை. பல்வலி என்று வீட்டில் சொன்னேன்.

ஜூன் 19, சனி

மேகமூட்டம். சூசையின் வகுப்பையும் சேர்த்து நானே. அவர் மேஜையில் அரை சாக்குக்கட்டி, மூக்குக்கண்ணாடி உறை. உறைக்குள் கண்ணாடி இருந்தது. கண்ணாடி இல்லாமல் அவருக்குப் பத்தடி தள்ளித் தெரியாது.

பள்ளி விட்டதும் அன்னம்மா.

“சீட்டைக் காட்டினீங்களா ஸார்?”

“காட்டினேன்மா.”

“என்ன சொன்னாங்க?”

“லாரி போயிடுச்சுன்னாங்க.”

இரண்டும் உண்மை.  சீட்டை வாங்கி மறுபடி முந்தானையில் முடிந்தார்.

“உங்க வேலைய நெனைக்காம அவ்வளவு தூரம் போயிருக்கீங்க. அவரு வந்ததும் சொல்றேன் ஸார்.”